குருவிச்சை பிடித்த ஐந்து கொம்பியூட்டர்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விடவில்லை, நான்தான் அதை விட்டேன். கண்டாவளையில் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மெஷின் ஒருநாள் நின்றுபோனது. மெக்கானிக் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மூன்று நாளில் மிளகாய்க் கன்று முழுக்கக் கருகியிருக்கும். நான் கழற்றிப் பூட்டி அன்று பின்னேரமே இறைக்க வைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை, அவ்வளவுதான் கதை.

போர்த் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதைப் பற்றி இப்போது எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். எழுதட்டும். அக்கராயன் பக்கம் அப்படி ஓடியவற்றில் பாதி என் கையால் ஓடியவை. சைக்கிள் டைனமோவில் றேடியோ பாட வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு வவுனியாவில் ஒரு டிப்ளோமாக்காரன் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னான். அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்த பதில்தான் இந்தக் கதை.

சமாதானம் என்று சொல்லி ஏ-9 பாதை திறந்த பிறகு நான் வவுனியா நகரத்தில் ஒரு கொம்யூனிகேசன் கடை போட்டேன். முதலில் ரெலிபோன் மட்டும். வன்னிக்குள்ளிருந்து சோதனைச் சாவடி தாண்டி வருகிற சனம் வெளிநாட்டுக்குக் கதைக்கவும் கடிதம் அனுப்பவும் என்னிடம்தான் வரும். பிறகு கொழும்பிலிருந்து ஒரே லொறியில் ஆறு கொம்பியூட்டர் வந்திறங்கியது. ஐந்து எனக்கு. ஆறாவது பக்கத்து இரும்புக்கடை நானாவுக்கு. அவர் முல்லைத்தீவு முஸ்லிம், தொண்ணூறில் ஊரோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் அகதியாக இருந்துவிட்டு வந்து வவுனியாவில் கடை போட்டவர். அவருடைய கொம்பியூட்டருக்கு ரெலிபோன் வயர் இல்லை. பில் அடிக்க மட்டும்.

"ஏபிசிடி முழுக்கத் தெரியாத மனிசன் இன்ரநெற் கடை போடுறார்" என்று றோட்டில் சிரித்தார்கள். எனக்கு ஏபிசிடி முழுக்கத் தெரியும். சேர்த்து வாசிக்கத்தான் வராது. ஆனால் ஒரு எழுத்தை ஒருதரம் பார்த்தால் அதன் உருவம் மறக்காது. ஒரு நட்டைப் பார்த்தால் எந்தச் சாவி என்று கைக்குத் தெரியாதா, அதுபோல.

கடை நன்றாக ஓடியது. என் கடையில் மறைப்பு கிடையாது. மற்றக் கடைகளில் பலகை அடித்து, சீலை தொங்கவிட்டு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வைத்திருந்தார்கள். நான் ஐந்து கொம்பியூட்டரையும் வாசலைப் பார்த்து வரிசையாக வைத்தேன். பொம்பிளைப் பிள்ளைகள் தனியே வந்துபோவதற்கு அதுதான் காரணம். என் கடைக்கு முதலீடே அந்த நல்ல பேர்தான்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு கடைக்குள் காலடி வைத்தால் முதலில் தெரிவது சாமிப் படம். அதைப் பார்த்துத்தான் இது யாருடைய கடை, எப்படிப்பட்ட கடை என்று சனம் முடிவு கட்டும். கொம்பியூட்டருக்கும் அப்படித்தான். திறந்தவுடன் வருகிற முதல் பக்கத்தைக் கடைக்காரன் மாட்டிய படம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் ஒரு வெள்ளைப் பக்கம் வைத்திருந்தேன். நடுவில் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். அதற்குள் எதை எழுதினாலும் தேடிக் கொண்டுவந்து தரும். துப்புரவான பக்கம். அதைப் பார்க்கிறவர்கள் என் கடையும் துப்புரவு என்று நினைத்தார்கள்.

மூன்றாம் வருடம் ஒருநாள் பெண்கள் பள்ளிக்கூட அதிபர் வந்தார். அந்த வருடம் பரீட்சை முடிவை இன்ரநெற்றில் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். தன் பிள்ளைகளை அனுப்ப ஒரு நல்ல கடை பார்க்க வந்திருந்தார்.

"உங்கடை கடையிலைதான் சீலை மறைப்பு இல்லை எண்டு சொல்லிச்சினம். அதுதான் வந்தனான்" என்றார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கதிரையைத் துடைத்து இருத்தினேன். அவர் மௌஸைப் பிடித்துத் திறந்தார்.

வெள்ளைப் பக்கம் வரவில்லை. கறுப்பில் சிவப்பு எழுத்து வந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் உடுப்புக் குறைந்த மூன்று பெண்கள். அவர் மூடினார், இரண்டு பக்கம் திறந்தது. அதையும் மூடினார், நாலு திறந்தது. கடையில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மறைப்பு இல்லாத கடை அல்லவா, றோட்டிலும் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

அதிபர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். எழும்பி, சீலைத் தலைப்பைச் சரிசெய்து, மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, இதைத்தான் முன்னுக்கு மாட்டி வைச்சிருக்கிறீங்களோ?"

"நான் மாட்டேல்லை ரீச்சர். சத்தியமா நான் மாட்டேல்லை."

"அப்ப ஆர் மாட்டினது? கடை உங்கடைதானே." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "ரிசல்ட் வர இன்னும் மூண்டு கிழமை இருக்கு. அண்டைக்குக் காலமை வந்து நானே திறந்து பாப்பன். துப்புரவா இருந்தால் பிள்ளையள் வருங்கள். இல்லாட்டி ஒரு பிள்ளையையும் இந்தப் படி மிதிக்க விடன்."

அவர் விடாவிட்டால் ஊரில் ஒரு தாயும் விடமாட்டாள். இது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது.

வீட்டுக்கு நான் போய்ச் சேரமுதல் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள் மனைவி. "சங்கக்கடையிலை ரெண்டு பேர் என்னைப் பாத்துட்டு வாயைப் பொத்திச் சிரிக்கினம். என்ன படம் ஓடுது உங்கடை கடையிலை?"

"படமும் இல்லை, கிடமும் இல்லை. மெஷினிலை ஒரு பிழை."

"எந்த மெஷினிலை பிழை வந்தாலும் அது நிக்கும். உங்கடை மெஷினிலை பிழை வந்தால் பொம்பிளையளே வாறது?"

அடுத்த நாள் ஐந்து கொம்பியூட்டரையும் பார்த்தேன். ஐந்திலும் அதே சிவப்பு. வெள்ளைப் பக்கத்தைத் திரும்ப வைத்தேன். எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். கடை போட்ட அன்று வைத்ததே நான்தான். மத்தியானம் வரை நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு சிவப்பு. மேலே புதிதாக ஒரு பொத்தான் பட்டையும் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவர் திருநெல்வேலிக் கோயில் ஒன்றைத் தேட, சூதாட்டப் பக்கம் திறந்தது.

அப்போதுதான் டிப்ளோமாத் தம்பி வந்தான். மூன்று கடை தள்ளி அவனுக்கும் இன்ரநெற் கடை, சீலை மறைப்போடு. கொழும்பில் படித்து வாங்கிய தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, ஐஞ்சாம் வகுப்புக்கு இது கொஞ்சம் கஷ்டம். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடவேணும். என்னட்டைக் கொண்டுவாங்கோ, செய்து தாறன்."

"அழிச்சால் உள்ளுக்கு இருக்கிறது?"

"ஒண்டும் மிஞ்சாது."

உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. வன்னிக்குள்ளிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர்கள் தமிழில் அடித்து வைத்த கடிதங்கள், மகனுக்கு அனுப்ப ஸ்கான் பண்ணிய போட்டோக்கள். மூலப்பிரதி இடம்பெயர்வில் போய், என் மெஷினுக்குள் மட்டும் இருந்த படங்களும் உண்டு.

"தம்பி" என்றேன். "மாமரத்திலை குருவிச்சை பிடிச்சால் என்ன செய்வீர்? மாமரத்தைத் தறிப்பீரோ?"

"இது மாமரமில்லை அண்ணை."

"அதுதான் உமக்குத் தெரியேல்லை. போம்."

குருவிச்சை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குருவி எச்சத்தில் வந்து மரக்கொப்பில் ஒட்டி முளைக்கிற செடி அது. தனக்கென்று நிலத்தில் வேர் கிடையாது. மரத்துக்குள் வேரை விட்டு மரத்தின் சாற்றையே உறிஞ்சும். இலையைப் பிய்த்தால் திரும்ப முளைக்கும். அது ஒட்டின இடத்துக்குக் கீழே கொப்போடு வெட்டவேண்டும். முதல் பக்கத்தை மாற்றியபோது நான் இலையைத்தான் பிய்த்திருக்கிறேன். கொப்பு எங்கே?

பழுதான பம்பைத் திருத்த எனக்கு ஒரு வழி உண்டு. ஓடுகிற பம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் கழற்றி, சாமானுக்குச் சாமான் அடுக்கிப் பார்ப்பேன். எது கூட, எது குறைய என்று கண் சொல்லிவிடும். இன்ரநெற் காற்றே படாத ஆறாவது கொம்பியூட்டர் நானாவிடம் இருந்தது.

"நானா, உங்கடை கொம்பியூட்டரை ஒருக்காப் பாக்கவேணும்."

"பாருங்க முதலாளி. ஆனா உங்கட கையைக் கழுவிட்டுத் தொடுங்க. அந்தப் பொம்பிளையள் என்ர பில்லுக்குள்ள வந்துட்டா மனிசி என்னைத் திரும்பப் புத்தளத்துக்கு ஏத்திவிட்டுருவா."

கொம்பியூட்டருக்குள் என்னென்ன பூட்டியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டுகிற ஒரு இடம் உண்டு. நானாவின் கடையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் கொப்பியில் வரைந்தேன். எழுதினேன் என்று சொல்லவில்லை, வரைந்தேன். ஒவ்வொரு எழுத்தாக, கோலம் போடுவதுபோல. பிறகு என் கடைக்கு வந்து அதே பட்டியலைத் திறந்து கொப்பியைப் பக்கத்தில் பிடித்தேன். நானாவிடம் இல்லாத மூன்று பெயர் என்னிடம் இருந்தது. என்ன பெயர் என்று இன்றைக்கும் தெரியாது. தெரியவும் தேவையில்லை. என் மரத்தில் நான் வைக்காத கொப்பு, அவ்வளவுதான்.

இரண்டைக் கழற்றினேன், போய்விட்டது. மூன்றாவது போகவில்லை. கழற்றப் போனால் டொங் என்று சத்தம் போட்டு மறுத்தது. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினின் பெல்ற்றைக் கழற்ற முடியாது என்பது எனக்குத் தெரியாதா? இது ஓடத் தொடங்கமுதல் பிடிக்கவேண்டும். எப்படி என்று சொல்லித்தர ஆளில்லை. கீபோர்ட்டின் மேல்வரிசையில் எஃப் என்ற எழுத்தும் இலக்கமும் போட்ட பன்னிரண்டு பொத்தான் இருக்கும். ஒருவரும் அதைத் தொடுவதில்லை. ஒருவரும் தொடாத ஒன்றைச் சும்மா வைத்திருக்கமாட்டான் என்று யோசித்தேன். கொம்பியூட்டரை நிற்பாட்டி, எழுப்பும்போது முதலாவதை அமத்தினேன். ஒன்றுமில்லை. நிற்பாட்டி, எழுப்பி, இரண்டாவது. ஏதோ நீலத் திரை வந்தது, பயந்து நிற்பாட்டினேன். இப்படியே மூன்று, நாலு, ஐந்து. எட்டாவதில் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒன்றைக் கொடுத்தேன். கொம்பியூட்டர் அரைத்தூக்கத்தில் எழும்பியது. நிறமில்லை, எழுத்தெல்லாம் பெரிதாக, மெதுவாக, குடித்தவன் எழும்பி நிற்பதுபோல. அந்த மயக்கத்தில் மூன்றாவது பெயரைக் கழற்றினேன். சத்தமே போடவில்லை.

எட்டாவது பொத்தானை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இதைக் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

ஐந்து கொம்பியூட்டரையும் அப்படித் துப்புரவாக்க ஒன்றரைக் கிழமை பிடித்தது. கடைசியை முடித்த அன்று நானாவைக் கூட்டிவந்து எனக்குப் பக்கத்தில் இருத்தினேன்.

"பாருங்கோ நானா. வெள்ளை."

"மாஷா அல்லாஹ். கஞ்சி போட்ட வேட்டி மாதிரிக் கிடக்கு."

அவருக்கு ஓட்டிக் காட்டவேண்டாமா? சனம் வழக்கமாகப் பாட்டு எடுக்கிற ஒரு பக்கத்தைத் திறந்தேன். நடுவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று குதித்தது, இங்கிலீசில் நாலு வரி. கீழே இரண்டு பொத்தான். நான் பேச்சோடு பேச்சாக இடதுபக்கத்துப் பொத்தானை அமத்தினேன். பாட்டுப் பக்கம் வந்தது. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன்.

கறுப்பில் சிவப்பு. மூன்று பெண்களும் பழைய இடத்தில் நின்றார்கள்.

நானாதான் கேட்டார்.

"முதலாளி, இப்ப நீங்க ஒண்டை அமத்தினீங்களே, அது என்னது?"

"யெஸ்."

"அது என்னத்தைக் கேட்டது?"

"ஆருக்குத் தெரியும்."

"என்ன கேட்டதெண்டு தெரியாம ஏன் ஓம் சொன்னீங்க?"

"கேட்டுது, சொன்னன். சொன்னால்தானே விடும்."

சொல்லி முடிக்கமுதலே மௌஸில் இருந்து கையை எடுத்தேன்.

சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு எங்களுக்குத் தெரியாத சிங்களத்தில் ஏதோ கேட்பார்கள். "ஓவ்", அதாவது ஓம், என்று தலையாட்டினால் பெரும்பாலும் போகலாம். "நே" என்றால் இன்னொரு கேள்வி வரும். இரண்டாவது கேள்வி எப்போதும் முதல் கேள்வியைவிட நீளம். அதனால் நாங்கள் எல்லோருமே ஓவ் சொல்லப் பழகினவர்கள். அந்தப் பழக்கத்தை நான் கடைக்குள்ளும் கொண்டுவந்திருந்தேன். கொம்பியூட்டரில் பெட்டி வந்து விளங்காமல் என்னைக் கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும், "பயப்பிடாதையுங்கோ, யெஸ் எண்டு குடுங்கோ, விடும்" என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். வந்து உங்கள் மெஷினுக்குள் குடியிருக்கட்டுமா என்று அது ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. நாங்கள் ஓம் ஓம் என்று கதவு திறந்திருக்கிறோம்.

ஐந்து மரத்திலும் குருவிச்சையை வைத்தவன் நான். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், நானா இப்போது இல்லை, வேறு சாட்சியும் இல்லை. ஆனால் எழுதுகிறேன். பிழையைக் கண்டுபிடித்தவனும் நான்தானே.

நானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களையும் ஒருநாள் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்க முதலாளி" என்றார். "ஓம் எண்டுதான் சொன்னம். துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறவனுக்கு முன்னால வேற என்னத்தைச் சொல்ல." விரலால் அந்தத் திரையைத் தட்டினார். "ஆனா இது துவக்கு இல்லையே. இதுக்கு ஏன் ஓம் சொல்லுவான்?"

எனக்குக் கோபம் வந்தது. நானாவில் இல்லை, டிப்ளோமாவில் இல்லை, அந்தச் சாம்பல் பெட்டியிலும் இல்லை. என் வலதுகைச் சுட்டுவிரலில். இருபது வருடமாகத் தலை ஆட்டிய ஓமை, என்னைக் கேட்காமலே அமத்திக்கொண்டிருந்த விரல்.

இன்னும் ஒன்றரைக் கிழமை இருந்தது. முதலில் இருந்து தொடங்கினேன். பட்டியல், மூன்று பெயர், எட்டாவது பொத்தான், அரைத்தூக்கம். ஐந்தும் வெள்ளையானதும் அதே பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி குதித்தது. வலதுபக்கத்துப் பொத்தானுக்கு மௌஸைக் கொண்டுபோனேன். சொன்னால் சிரிப்பீர்கள், விரல் இடதுபக்கத்துக்கே இழுத்தது. அமத்தினேன். பெட்டி போனது. உடனே திரும்ப வந்து அதையே கேட்டது. நோ. திரும்ப வந்தது. நோ. எத்தனை தரம் என்று தெரியாது, விடவில்லை. அதுவும் என்னை விடவில்லை. கடைசியில் அதுதான் களைத்துப்போனது. பாட்டுப் பக்கம் தன்பாட்டில் வந்தது. ஒருவரும் வந்து என்னைத் தனியே கூப்பிடவில்லை. அட்டையைப் பறிக்கவில்லை. இரண்டாம் கேள்வி இல்லை.

அன்றைக்கே ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஐந்து கொம்பியூட்டருக்கும் மேலே தொங்கவிட்டேன்: "கேட்பது விளங்காவிட்டால் இல்லை என்று சொல்லவும்."

மனைவி வாசித்துவிட்டு, "இதாலை ஏதும் கரைச்சல் வருமே?" என்றாள்.

"கொம்பியூட்டருக்குத்தான் எழுதினனான்."

"சாவடியிலை நிக்கிறவைக்கு அது தெரியுமே?"

"கேட்டால் இல்லை எண்டு சொல்லுறன்."

முடிவு வருகிற நாள் காலையில் அதிபர் வந்தார். பின்னால் இருபது பிள்ளைகள், வெள்ளைச் சீருடையில், சத்தமில்லாமல். அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்தார். டிப்ளோமாத் தம்பியும் தன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தன் கொம்பியூட்டர்களைக் கிழமைக்கு ஒருமுறை முழுக்க அழித்துப் போட்டுக்கொண்டிருந்தான், அது எனக்கு அப்போது தெரியாது.

அதிபர் முதலாவது கொம்பியூட்டரைத் திறந்தார். வெள்ளை. இரண்டாவது. வெள்ளை. ஐந்தையும் திறந்தார். பிறகு முதலாவதுக்கு முன்னால் உட்கார்ந்து, கடதாசியைப் பார்த்துப் பரீட்சைத் திணைக்களத்தின் விலாசத்தை அடித்தார். அடித்துவிட்டு என்ரரைத் தட்டினார்.

சாம்பல் பெட்டி குதித்தது.

வாசலில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. அதிபரின் கை இடதுபக்கம் போனது. படித்த கைதான், இங்கிலீஸ் தெரிந்த கைதான். ஆனால் அதுவும் அதே சாவடி தாண்டி வந்த கை.

"ரீச்சர், கையை எடுங்கோ!"

நான் போட்ட சத்தத்துக்கு றோட்டில் போன சைக்கிள் நின்றது. அந்த அம்மாவை அதுவரை ஒருவரும் அதட்டியிருக்கமாட்டார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்குதெண்டு வாசிச்சீங்களோ?"

அவர் திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. வாசித்தார். முகம் மாறியது.

"இல்லை" என்றார் தனக்குத்தானே. பிறகு வலதுபக்கப் பொத்தானை அமத்தினார். அது திரும்பக் கேட்டது. "இல்லையெண்டு சொன்னனான்தானே" என்று பெட்டிக்குச் சொல்லி இன்னொரு தரம் அமத்தினார். வாசலில் ஒரு பிள்ளை சிரித்துவிட்டு வாயைப் பொத்தியது.

நான் கடதாசியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு, ஒவ்வொரு எழுத்தாகத்தான் பார்ப்பான்.

"ரீச்சர், நடுவிலை ஒரு எழுத்துக் குறையுது. வளைஞ்சு நிக்கிற எழுத்து. அதுதான் வேறை ஆற்றையோ பக்கம் திறந்திருக்கு."

அவர் பார்த்தார். குறைந்த எழுத்தைப் போட்டு அடித்தார். பரீட்சைத் திணைக்களத்தின் பக்கம் வந்து நின்றது. அவர் பின்னால் திரும்பிக் கையைக் காட்ட, பிள்ளைகள் வரிசையாகப் படியேறி உள்ளே வந்தன. அன்று மத்தியானம் வரை என் கடையில் அழுகையும் சிரிப்பும்தான். யாருக்கு என்ன முடிவு என்பது அவர்களுடைய கதை.

பிறகு டிப்ளோமாத் தம்பி ஒருநாள் வந்து, "அண்ணை, என்ரையிலையும் குருவிச்சை பிடிச்சிருக்கு" என்றான். குருவிச்சை என்றே சொன்னான். அதற்குள் ஊர் முழுக்க அந்தப் பேர்தான். எட்டாவது பொத்தானை அவனுக்கும் காட்டினேன், அவன் மாட்டிய கண்ணாடித் தாளுக்குக் கீழே உட்கார்ந்தபடியே. அடுத்து வந்த போர் வருடங்களில் இல்லை என்று சொல்ல இடமே இல்லாத கேள்விகள் எங்களிடம் கேட்கப்பட்டன. அது வேறு எழுத்து.

அன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் புறப்படும்போது அதிபர் மட்டையை வாசித்தார். பிறகு கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு எவ்வளவு இங்கிலீஸ் தெரியும்?"

"ரெண்டு சொல்லு ரீச்சர். யெஸ், நோ. மற்றச் சொல்லைப் போன கிழமைதான் பாவிக்கத் தொடங்கினனான்."